போக்கிமோன் அட்டைக்குப் புள்ளி போடுவது யார்: மனிதக் கண்ணா, கணினியா?

1999ஆம் ஆண்டு அக்காவின் குடும்பம் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற்றில் வாடகைக்கு இருந்தது. அத்தானுக்கு உணவகமொன்றில் இரவு வேலை. சம்பளம் கிடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், வரும் வழியில் மகனுக்கு ஒரு பைக்கற் போக்கிமோன் அட்டை வாங்கி வருவார். அப்படி வந்த ஒரு பைக்கற்றில்தான் நெருப்புக் கக்கும் சாரிஸார்ட் இருந்தது. பெடியன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிடுவான் என்று பயந்து, அத்தான் ஒரு ஃபைல் வாங்கி, நெகிழி உறைத் தாள்களில் அட்டைகளைச் செருகி அலுமாரியில் வைத்தார்.

அந்தப் பெடியனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த அட்டையை அமெரிக்காவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் பார்க்கச் செய்தான். பத்துக்கு ஏழு வந்தது. "மாமா, ஏழு எண்டு போட்டு அனுப்பியிருக்கினம். ஏன் ஏழு எண்டு ஒரு வரிகூட எழுதேல்லை" என்று தொலைபேசியில் சொன்னான். பெட்டியை உடைத்து அதே அட்டையை அதே நிறுவனத்துக்கு மறுபடி அனுப்பினான். இம்முறை எட்டு.

அட்டை மாறவில்லை. புள்ளி மாறிவிட்டது. விற்பனை விலையில் அந்த ஒரு புள்ளி சில நூறு டொலர்.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் எமது வீடுகள் பலவற்றில் இப்படியொரு ஃபைலோ சப்பாத்துப் பெட்டியோ கிடக்கிறது. "இதுக்குக் காசு வருமாம்" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் காசைத் தீர்மானிப்பது ஒரு சிறு சுட்டியிலுள்ள எண். அதை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள், இப்போது ஏன் அந்த இடத்துக்குக் கணினி வரப் பார்க்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

தரமிடல் என்றால் என்ன

இதற்குத் 'தரப்படுத்தல்' என்று எழுதத்தான் கை போனது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எமது தலைமுறைக்கு எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதிதான் நினைவுக்கு வரும். ஆகவே 'தரமிடல்' என்றே எழுதுகிறேன்.

அட்டையை நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் முதலில் அது அசலா என்று பார்ப்பார்கள். பின்னர் நான்கு விடயங்களைக் கவனிப்பார்கள்: படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பு உரிந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ அழுத்தமோ உண்டா. 1 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத தடித்த நெகிழிப் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பெட்டியைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்பார்கள்.

இத்துறையில் பெரிய பெயர் பி.எஸ்.ஏ. அது 1991இல் தொடங்கியது. பெக்கெற், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. ஆகியனவும் அறியப்பட்டவை. 2024இல் பி.எஸ்.ஏ.யின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ், எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. போட்டியாளர்கள் என்று நாங்கள் நினைக்கும் இரண்டு இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

கடைசி ஒரு புள்ளிக்கு என்ன பெறுமதி என்பதற்கு ஒரு கனேடிய உதாரணம். ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டையை, ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரிலிருந்த ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்டது. அதில் பத்துக்குப் பத்து வாங்கிய ஒன்று 2021 மே மாதத்தில் 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. ஒன்பது வாங்கியவை அதன் சிறு பகுதி விலைக்கே போயின. ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண மனிதர் ஒருவரால் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நடந்தது. அதே 1979-80 அட்டைகளின் பிரிக்கப்படாத பெரிய பெட்டியொன்று சஸ்கச்சுவான் மாகாணத்து வீடொன்றில் கண்டெடுக்கப்பட்டு, 2024 பெப்ரவரியில் 37 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. உள்ளே எத்தனை கிரெட்ஸ்கி, எந்த நிலையில் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததற்கும் விலை உண்டு.

மனிதக் கண்ணின் கதை

பி.எஸ்.ஏ.யின் முதல் இலக்கம் கொண்ட அட்டையே இத்துறையின் மிகப் பெரிய சங்கடமும். 1909க்கும் 1911க்கும் இடையில் அமெரிக்கச் சிகரெட் பெட்டிகளோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை அது. கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அன்றைய உரிமையாளரும் சேர்ந்து 1991இல் அதை 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு 8 போட்டது. அவ்வளவு பழைய அட்டைக்கு நம்ப முடியாத தரம். 2007இல் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அந்த அட்டையை ஒருகாலத்தில் வைத்திருந்த ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, 2013இல் மோசடி வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களைத் தான் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு எண் தரமே கொடுக்கக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படை விதி.

2019இல் இன்னும் மோசமான ஒன்று வெளிப்பட்டது. சேகரிப்பாளர்கள் சிலர் பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்பு குறைந்த தரம் வாங்கிய அட்டைகள், வெட்டியும் கறை நீக்கியும் திருத்தப்பட்டு, உயர்ந்த தரத்தோடு மீண்டும் சந்தைக்கு வந்திருந்தன. நிறுவனங்களின் நிபுணர்கள் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இதெல்லாம் ஏமாற்று. ஏமாற்று இல்லாத இடத்திலும் கண் தடுமாறும். காலையில் பார்த்த அட்டையும் மாலையில் பார்த்த அட்டையும் ஒன்றாகத் தெரியாது. முன்னால் பார்த்த அட்டை மிக மோசமாக இருந்தால் அடுத்தது அழகாகத் தெரியும். பரீட்சைத் தாள் திருத்திய ஆசிரியர்கள் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்ட மக்கள் அட்டைகளைத் தேடியெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தனது பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வந்ததைவிட அதிகமான அட்டைகள் மூன்றே நாட்களில் வந்து குவிந்துவிட்டதாக நிறுவனத் தலைவர் அறிவித்தார். எத்தனை கண்களைத்தான் வேலைக்கு எடுப்பது?

கணினி உள்ளே வந்த வழி

இந்த யோசனை புதிதன்று. பி.எஸ்.ஏ.க்கு முன்னோடியான நாணயத் தரமிடல் நிறுவனம் பி.சி.ஜி.எஸ்., 1990இலேயே மோர்கன் வெள்ளி டொலர் நாணயங்களுக்குத் தரமிட 'எக்ஸ்பேர்ட்' என்ற கணினி முறையை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு 'கொம்பியூகிரேட்' என்ற இன்னொரு நிறுவனம் முழுக்கக் கணினியை நம்பிக் களமிறங்கியது. இரண்டுமே நிலைக்கவில்லை. நாணயத்தை அரைப்பாகை திருப்பினால் மின்னும் விதம் மாறும். அன்றைய கமராவுக்கும் கணினிக்கும் அது எட்டாத வேலை.

முப்பது ஆண்டுகள் கழித்து நிலைமை வேறு. 2021 ஏப்ரலில், வேலை மலைபோல் குவிந்திருந்த நேரத்தில், கலெக்டர்ஸ் நிறுவனம் ஜெனமிண்ட் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கியது. அட்டையை அளப்பது, மேற்பரப்புக் குறைகளைக் காட்டுவது, திருத்த வேலைகளைக் கண்டுபிடிப்பது, முன்பு வந்த அதே அட்டை மறுபடி வந்தால் அடையாளம் காண்பது ஆகியவை அதன் வேலை. ஒவ்வோர் அட்டையின் அச்சுப் புள்ளிகளும் நார்களும் கைரேகை போல வேறுபடும் என்பதால் இது முடிகிறது. இங்கே கணினி மனிதருக்கு உதவியாள் மட்டும்தான்.

ரி.ஏ.ஜி., ஏ.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் இதையும் தாண்டிப்போய்த் தரமிடும் வேலையையே இயந்திரத்தை நம்பிக் கட்டியெழுப்பின. ரி.ஏ.ஜி.யின் முறையை எளிமையாகச் சொல்லலாம். அட்டையை அசையாமல் வைத்து, வெவ்வேறு திசைகளிலிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒரு பள்ளத்தின் நிழல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் விழும். அந்த நிழல்களைக் கணக்கிட்டு, மேடு பள்ளத்தை ஒரு வரைபடம் போலக் கணினி வரைந்துவிடும். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்க்க மேசன் டோர்ச்சைச் சரித்துப் பிடிப்பார் அல்லவா, அதே யுக்திதான். முடிவு 1000 புள்ளிக்கு வரும். எந்த இடத்தில் எந்தக் குறை என்ற அறிக்கையைப் படத்தோடு இணையத்தில் பார்க்கலாம்.

நடுவமைவை அளப்பதில் கணினியோடு மனிதர் போட்டியிட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இடப்பக்க மஞ்சள் கரை 3.3 மில்லிமீற்றரும் வலப்பக்கக் கரை 2.7 மில்லிமீற்றரும் இருந்தால், விகிதம் 55க்கு 45. பத்து வாங்க ஏறக்குறைய இந்த அளவுதான் கேட்கப்படுகிறது. 56க்கு 44 ஆகிவிட்டால் இடப்பக்கம் 3.36 மில்லிமீற்றர். 0.06 மில்லிமீற்றர் என்பது ஒரு தலைமுடியின் பருமன். எந்த நிபுணரின் கண் இதைப் பிடிக்கும்? ஸ்கேனருக்கு இது சாதாரண வேலை. ஆனால் இதற்கும் கரை இருக்க வேண்டும். கரையே இல்லாமல் அட்டை முழுவதும் படம் பரவிய புதிய வகைகளில், அசல் வடிவமைப்போடு ஒப்பிட்டுத்தான் கணிக்க முடியும்.

உரைகல்லும் கரட் மெசினும்

அப்படியானால் மனிதரை விலக்கி வேலையை மெசினிடம் கொடுத்துவிடலாமே? நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன்.

நகைக்கடையில் நடந்த மாற்றத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்பு பத்தர் நகையை உரைகல்லில் உரசி, கண்ணால் பார்த்து மாற்றுச் சொல்வார். இப்போது பெட்டி போன்ற ஒரு கருவிக்குள் வைத்தால் ஊடுகதிர் பாய்ச்சி, தங்கம் இத்தனை வீதம், செம்பு இத்தனை வீதம் என்று திரையில் காட்டிவிடுகிறது. பத்தரோடு வாதிட்டவர்கள் மெசினோடு வாதிடுவதில்லை. ஏனென்றால் 22 கரட் என்பது அந்த உலோகத்துக்குள்ளேயே இருக்கும் உண்மை. சந்தேகமிருந்தால் உருக்கிப் பார்க்கலாம்.

அட்டையின் 9 அப்படி அட்டைக்குள் இல்லை. மூலையில் கால் மில்லிமீற்றர் வெள்ளை தெரிந்தால் எத்தனை புள்ளி குறைப்பது? பின்பக்கக் கீறலும் முன்பக்கக் கீறலும் ஒரே குற்றமா? தொழிற்சாலையில் விழுந்த அச்சுக்கோடு, வைத்திருந்தவரின் தவறா? இவற்றுக்கெல்லாம் விடை மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. கணினி கீறலின் நீளத்தை அளந்து சொல்லும். அந்த நீளத்துக்கு எத்தனை புள்ளி என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு என்றால், மனிதர் ஏற்கெனவே புள்ளி போட்ட ஆயிரக்கணக்கான அட்டைகளைக் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும். அப்போது பழைய நிபுணரின் பழக்கவழக்கம் முழுவதும் மென்பொருளுக்குள் குடிபுகுந்துவிடும். ஒன்று மட்டும் உறுதி: ஒழுங்காகச் செய்தால் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே விடை தரும். மருமகனின் ஏழும் எட்டும் அங்கே நடக்கக் கூடாது.

மெசினுக்குத் தெரியாத இன்னொன்று, பொருளின் வரலாறு. ஓ-பீ-சீ அட்டைகளைக் கத்தியால் வெட்டாமல் கம்பியால் அறுத்ததால், அவற்றின் விளிம்பு சொரசொரவென்று பிசிறடித்தே இருக்கும். அது பிறவிக்குணம். விளிம்பு நேராக இருந்தால்தான் அழகு என்று பழக்கிய கணினி அசல் அட்டைக்குப் புள்ளியைக் குறைக்கும். பின்னாளில் யாரோ வழவழப்பாக வெட்டிய ஒன்றுக்குக் கூட்டிக் கொடுக்கும். பழுத்த சேகரிப்பாளரோ வழவழப்பான விளிம்பைக் கண்டவுடனேயே சந்தேகப்படுவார். இதையும் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் சொல்லிக் கொடுக்க அந்த ஆள் தேவை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. போக்கிமோன் அட்டைகள் 1996இல் வெளிவருமுன் உள்ளுக்குள் பரிசோதனைக்காக அச்சிட்ட மாதிரிகள் என்று சில அட்டைகள் அண்மையில் பெரும் விலைக்குப் போயின. தரமிடல் நிறுவனமும் அசல் என்று சான்று கொடுத்திருந்தது. நிற லேசர் அச்சு இயந்திரங்கள் பல, தாம் அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளால் அச்சிட்ட திகதியைப் பதித்துவிடும். 2025இன் தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் சிலர் அந்த அட்டைகளை ஸ்கான் செய்து, நிறத்தை மாற்றி உற்றுப் பார்த்தபோது, சிலவற்றில் 2024ஆம் ஆண்டு தெரிந்தது. நிபுணர்களின் சான்றை ஒரு ஸ்கானர் கவிழ்த்துவிட்டது. ஆனால் அந்தப் புள்ளிகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது ஒரு மனிதர்.

சந்தை யாரை நம்புகிறது

துல்லியம் ஒன்று, விலை இன்னொன்று. ஒரே நிலையிலுள்ள இரண்டு அட்டைகளில், பி.எஸ்.ஏ. சுட்டி ஒட்டியது பெரும்பாலும் அதிக விலைக்குப் போகிறது. இயந்திரத் தரமிடலின் அறிக்கை எவ்வளவு விபரமாக இருந்தாலும் வாங்குபவர் முதலில் பார்ப்பது பெயரைத்தான். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் விற்கப் போகிறவர் தெரிந்திருக்க வேண்டிய உண்மை.

நிறுவனங்களின் கட்டண முறையிலும் ஒரு நெருடல் உண்டு. பெறுமதி கூடிய அட்டைக்குக் கட்டணமும் கூட. நீங்கள் மலிவான பிரிவில் அனுப்பி, உயர்ந்த தரம் கிடைத்து, அதனால் பெறுமதி எல்லையைத் தாண்டினால், மேலதிகப் பணம் கேட்பார்கள். புள்ளி போடுபவரின் வருமானம் போடும் புள்ளியோடு தொடர்புபட்டிருப்பது நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பழைய அட்டை வைத்திருப்போருக்குச் சில விடயங்கள் சொல்லலாம். முதலில், எதையும் துடைக்காதீர்கள். ஈரத்துணி, மெழுகு, அழிறப்பர் எதுவும் வேண்டாம். திருத்தியது என்று தெரிந்தால் எண்ணே கிடைக்காது. அறையின் விளக்கை அணைத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத கோடுகள் தெரியும். அடிமட்டத்தால் நான்கு கரைகளையும் அளவுங்கள். 1999ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு என்றால், படத்தின் கீழ் இடப்பக்கத்தில் முதற்பதிப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

பின்னர் விலையைத் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். உண்மையில் விற்று முடிந்த விலையைத் தனியாகப் பார்க்கலாம். பத்து கிடைத்தால் என்று கணக்குப் போடாமல், ஏழோ எட்டோ கிடைத்தால் என்ன வரும் என்று பாருங்கள். அதிலிருந்து தரமிடல் கட்டணம், போகவர அஞ்சற்செலவு, காப்புறுதி ஆகியவற்றைக் கழியுங்கள். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவுக்கு அனுப்புவதானால், உங்கள் சொந்தப் பொருள்தான் போய்த் திரும்புகிறது என்பதற்கான ஆவணத்தை அனுப்பும்போதே தயார் செய்யுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சுங்கத்தில் புதுச்சாமான் என்று வரி கேட்கக்கூடும். பிள்ளைகள் அனுப்ப ஆசைப்படும் அட்டைகளில் பல, இந்தக் கழித்தலைத் தாங்காது. அவற்றை ஆளுக்கொரு உறையில் போட்டு வைத்து விளையாட விடுவதே நல்லது.

விற்பதுதான் நோக்கம் என்றால் சந்தை அறிந்த பெயருக்கு அனுப்புங்கள். அட்டையின் உண்மையான நிலையை அறிய வேண்டும் என்றால் இயந்திர அறிக்கை தருபவர்களிடம் போகலாம். பெரிய விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் சுட்டியை மட்டும் பார்க்காமல் பெட்டிக்குள் இருக்கும் அட்டையையும் பாருங்கள்.

மருமகன் இரண்டாவது வகை. எட்டோடு விட்டிருக்கலாம், விற்றிருக்கலாம். ஆனால் ஏன் ஏழு, ஏன் எட்டு என்ற கேள்வி அவனை விடவில்லை. மூன்றாவது தடவையாக உடைத்து, இயந்திரத் தரமிடல் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினான். ஆறரைக்குச் சமமான தரம் வந்தது. விலை இன்னும் இறங்கிவிட்டது. அக்கா அவனைப் பேசாத பேச்சில்லை.

இம்முறை அறிக்கை இருந்தது. சாம்பல் நிறத்தில் அட்டையின் மேடுபள்ளப் படம். மூலைகள் பரவாயில்லை, நடுவமைவு நல்லது. இடப்பக்க ஓரத்தில், படத்துக்கு வெளியே, பிறைபோல வளைந்த ஓர் அழுத்தம். ஏழு போட்டவர் அதைக் கண்டிருக்கலாம், எட்டுப் போட்டவர் தவறவிட்டிருக்கலாம். அவர்கள் எழுதித் தராததால் தெரியாது.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் அந்தப் பிறையை வெகுநேரம் பார்த்தார். "இது நான் வாங்கின ஃபைலின்ர கம்பியடா. ஒரு டொலர் கடையில வாங்கினது" என்றார். அட்டை இப்போது அக்கா வீட்டு ஷோகேசில், பெட்டியோடு நிற்கிறது.